இரண்டு வெட்டு ஆமை

லா டீக் தீவு
6 மார்ச் 2017

மதாம் குளோத்தில்ட் அவர்களுக்கு,

உங்களோடு பேச்சை நிறுத்தி ஐம்பத்தாறு வருடம், ஆறு மாதம், பதினான்கு நாள் ஆகிறது. நீங்கள் எண்ணியிருக்க மாட்டீர்கள். நான் எண்ணினேன். கன்னியாஸ்திரிகள் எனக்கு மூன்று வருடம்தான் படிப்பு சொல்லிக்கொடுத்தார்கள். எண்ணுவதற்கும் திட்டிக் கடிதம் எழுதுவதற்கும் அது போதும்.

போன செவ்வாய்க்கிழமை சீமைப்பலா வறுத்துக்கொண்டிருந்தேன். ரேடியோவில் ஒரு கிழவியின் குரல். "அப்ப எனக்கு இருபத்தொரு வயசு. என் ஆமையை வெட்டக் குடுக்க மனசு வரல. கல்யாணத்துக்கு அஞ்சு நாளைக்கு முன்னாடியே படகுல ஏத்தி மாப்பூ தீவுக்கு அனுப்பிட்டேன்." ரேடியோக்காரன் ஆகா ஆகா என்கிறான். அந்த ஒரு ஆமைதான் தீவில் செத்துப்போன காட்டை மறுபடி வளர்த்ததாம். ஆகஸ்ட் மாதம் அதற்குப் பலகை நட்டு விழா எடுக்கிறார்களாம். பக்கத்து வீட்டுக்காரி ஓடி வந்தாள். "எர்னெஸ்தா, அது உங்க அக்காவாமே!"

"எனக்கு அக்கா கிடையாது" என்று ரேடியோவை அணைத்தேன். பலா கருகிப்போனது.

நீங்கள் ரேடியோவில் ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள். பெண் பிறந்தால் ஆமைக்குட்டி வாங்குவது, பெண் வளர ஆமையும் வளருவது, கல்யாணத்தன்று அந்த ஆமையே விருந்தாவது, இதெல்லாம் விலாவாரியாகச் சொன்னீர்கள். உங்கள் ஆமை ரோஸ் தப்பித்தது, சரி. அப்படியென்றால் உங்கள் கல்யாணத்தில் நூற்றுப்பத்துப் பேர் தின்றது யாரை?

என் ஸொலியை. பத்தொன்பது வருடம் நான் பூசணித்தோல் போட்டு வளர்த்தவளை. தொழுவத்தில் மிச்சம் நின்றது அவள்தானே! அப்பா கத்தியோடு போனபோது நான் சமையல் கொட்டகையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். நீ வெள்ளை உடுப்பில் நின்றாய். ஒரு வார்த்தை சொல்லவில்லை. பாத்தியா, உன்னை நீங்கள் என்று எழுதக்கூட என் கை ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறது.

மூன்று வருடம் கழித்து என் கல்யாணம். விருந்தில் வௌவால் கறி. என் மாமியார் ஊரே கேட்கும்படி என்ன சொன்னாள் தெரியுமா? "பொண்ணு வந்துட்டா. ஆமை எங்கடி? இன்னும் நடந்து வந்துக்கிட்டிருக்கா?" அவள் சாகும்வரை இருபத்தாறு வருடம் அதையே சொன்னாள். நான் எப்போது அடுப்படிக்கு வரத் தாமதித்தாலும், "அவ ஆமையைத் தேடப் போயிருப்பா."

எனக்கு வேண்டியது ஒன்றுதான். அந்தப் பலகையில் இன்னொரு வரி எழுதச் சொல். "இவளுக்குப் பதிலாக வெட்டப்பட்டவள் ஸொலி, எர்னெஸ்தாவின் ஆமை." எழுதாவிட்டால் நான் சும்மா இருக்க மாட்டேன்.

எர்னெஸ்தா

*

மாப்பூ தீவு
2 ஏப்ரல் 2017

எர்னெஸ்தா,

படகு பதினைந்து நாளுக்கு ஒருமுறைதான் வரும். பதில் தாமதமானதற்கு அது காரணம். இன்னொரு காரணமும் உண்டு. உன் கையெழுத்தைப் பார்த்ததும் உறையைப் பிரிக்காமல் இரண்டு நாள் அரிசிப் பானைமேல் வைத்திருந்தேன்.

ரேடியோக்காரர் கேட்டதற்குத்தான் பதில் சொன்னேன். உன்னைப் பற்றி அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அது தப்புதான்.

நான் ஒரெலைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தபோது தீவு முழுக்கத் தென்னைதான். அவர் கொப்பரைத் தோட்டத்து மேஸ்திரி. பழைய மரங்களை எல்லாம் எங்களுக்கு முன்னால் வந்தவர்கள் வெட்டித் தீர்த்திருந்தார்கள். அப்புறம் கொப்பரைக்கு விலை இல்லாமல் போய்விட்டது. எல்லாரும் கிளம்பினார்கள். நாங்கள் இரண்டு பேர் தங்கினோம். எலியும் கொடியும் தீவைப் பிடித்துக்கொண்டன. வீட்டுக்கதவைக்கூடக் கொடி மூடியது. ஆனால் கிழக்குப் பக்கம் மட்டும் கொடி ஏறவில்லை. அங்கே அவள், அந்த ஆமை, மேய்ந்தாள். புல் பாய் விரித்ததுபோல் இருந்தது. அவள் நுணாப் பழத்தைத் தின்றுவிட்டுப் போகிற வழியெல்லாம் சாணி போட்டாள். சாணியில் விதை, விதையில் கன்று. நான் ஒரு மரம் நட்டதில்லை எர்னெஸ்தா. எனக்கு இடுப்பு வலி.

பத்து வருடத்துக்கு முன் ஜோவெத் என்ற பெண் ஆட்களோடு வந்தாள். தீவுக் காப்பாளர். எலிகளை ஒழித்தார்கள். கிழக்குப் பக்கத்தைப் பார்த்து, என்னைப் பாட்டி முறை வைத்து, "கிராணி, இங்க யார் காடு போட்டது?" என்றாள். நான் ஆமையைக் கை நீட்டிக் காட்டினேன். அவள் சேற்றில் படுத்திருந்தாள். பிறகுதான் தூரத்துத் தீவிலிருந்து எண்பது ஆமைகளைக் கொண்டுவந்து மேற்கிலும் விட்டார்கள். இப்போது வளை தோண்டும் பறவைகள் திரும்ப வந்துவிட்டன. சாயங்காலம் அவை அழுவது கைக்குழந்தை அழுவதுபோலவே இருக்கிறது.

நீ கேட்ட வரியை ஜோவெத்திடம் சொன்னேன். பலகை சின்னது என்கிறாள். பழையதைக் கிளறாதே. உனக்கும் வயதாகிவிட்டது.

குளோத்தில்ட்

*

லா டீக் தீவு
20 ஏப்ரல் 2017

குளோத்தில்ட்,

எனக்கு வயதானதை நீ சொல்லித்தான் நான் தெரிந்துகொள்ள வேண்டுமா? என்னைவிட இரண்டு வருடம் மூத்தவள் நீ.

பலகை சின்னதா? சரி. பலகை வேண்டாம். நானே வருகிறேன். வெறுங்கையோடு வர மாட்டேன். ஸொலியின் ஓட்டைக் கொண்டு வருகிறேன்.

ஆமாம், ஓடு என்னிடம்தான் இருக்கிறது. விருந்து முடிந்து எலும்பை நாய்க்குப் போட்டபோது ஓட்டை நான் எடுத்து வைத்துக்கொண்டேன். அப்பா வெட்கப்பட்டார். படகு கட்டுகிற மனுஷன், வேறெப்படி மன்னிப்புக் கேட்பார்? அதைக் கவிழ்த்துத் தேய்த்து, விளிம்பைச் சுற்றி தாக்கமாக்காக் கட்டையைப் பொருத்தி, தண்ணீர் கசியாமல் கீல் பூசித் தொட்டியாக்கித் தந்தார். "உன் புள்ளைங்களைக் குளிப்பாட்டு மகளே" என்றார். ஏழு பிள்ளைகளை அதில் குளிப்பாட்டினேன். ஒவ்வொரு பிள்ளைக்கும் தண்ணீர் ஊற்றும்போது உன்னை ஒரு வசவு வைவேன். அந்தப் பிள்ளைகள் எல்லாம் நன்றாகத்தான் வளர்ந்தார்கள்.

விழா நாளில் அந்த ஓட்டைப் பலகைக்குக் கீழே வைப்பேன். அப்பா பொருத்திய கட்டையைப் பெயர்த்து எடுத்து, வால் பக்கம் இருக்கும் இரண்டு வெட்டையும் ஊருக்குக் காட்டுவேன். மூத்தவள் ஆமைக்கு ஒரு வெட்டு, இளையவள் ஆமைக்கு இரண்டு வெட்டு. அப்பாவின் சின்ன ரம்பம் போட்டது. வந்தவர்கள் எல்லாரும் விரல் விட்டு எண்ணிப் பார்க்கட்டும்.

எர்னெஸ்தா

*

மாப்பூ தீவு
14 மே 2017

எர்னெஸ்தா,

அந்தக் கட்டையைப் பெயர்க்காதே.

இந்த ஒரு வரியை எழுதிவிட்டு நான்கு நாள் பேனாவைத் தொடவில்லை. படகு நாளைக்குக் கிளம்புகிறது. இன்று எழுதாவிட்டால் என்றைக்கும் எழுத மாட்டேன்.

பெயர்த்தால் இரண்டு வெட்டு இருக்காது. ஒன்றுதான் இருக்கும்.

மாதா திருநாள் ஊர்வலத்துக்கு எல்லாரும் போயிருந்தார்கள். நானும் ஒரெலும் மாட்டுவண்டியைத் தொழுவத்துக்குப் பின்னால் கொண்டுவந்தோம். மாடு மிரண்டது, நான் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இரண்டு ஆமையும் சேற்றில் ஊறிக் கிடந்தன. இரண்டும் ஒரே அளவு. உனக்கே தெரியும், வெட்டைப் பார்க்காமல் நாம்கூடச் சொல்ல முடியாது. "ஒரு வெட்டு இருக்கறதைத் தூக்குங்க" என்றேன். அவர் வால் பக்கம் விரலால் தடவினார். "ஒண்ணுதான், இதான்" என்றார். இன்னொரு வெட்டில் சேறு இறுகி அடைத்திருந்தது.

ஐந்து நாளும் புதருக்குள் படுத்திருக்கும் என்று சமாளித்தேன். கல்யாணத்தன்று காலையில் அப்பாவிடம் சொன்னேன், "என் ஆமை போயிடுச்சு, தேடாதீங்க." அவர் யாரையும் எதையும் கேட்கவில்லை. மிச்சம் நின்றதை வெட்டினார். அது உன்னுடையது என்று அவரும் நினைத்தார், நீயும் நினைத்தாய், நானும் நினைத்தேன். அதனால்தான் அன்று என் வாய் திறக்கவில்லை.

இங்கே வந்த மூன்றாவது வருடம் பெரிய மழை. அவள் பாறைக் குழியில் இரண்டு நாள் கிடந்து எழுந்து வந்தாள். ஓடு கழுவி விட்டதுபோல் இருந்தது. இரண்டு வெட்டு. விரல் விட்டுத் திரும்ப எண்ணினேன். நான் காப்பாற்றியது உன் ஸொலியை. என் கல்யாணத்தில் நான் தின்றது என் ரோஸை.

அன்றே உனக்கு எழுதியிருக்க வேண்டும். எழுதினால் நீ அவளைக் கேட்பாய். கேட்டால் கொடுத்தாக வேண்டும். எனக்குப் பிள்ளை இல்லை எர்னெஸ்தா. நீ என்னை வைதுகொண்டே இருந்தாலும் பரவாயில்லை, அவள் என்னோடு இருக்கட்டும் என்று இருந்துவிட்டேன். ஒரெல் எதிரில் ரோஸ் என்று கூப்பிடுவேன். தனியாக இருக்கும்போது ஸொலி என்பேன். இரண்டுக்கும் அவள் திரும்பிப் பார்த்ததில்லை.

இப்போது ஜோவெத் ஒரு காகிதம் கொண்டுவந்தாள். ஸொலி இனி தீவுக்கே சொந்தம், யாரும் பிடித்துக்கொண்டு போகக்கூடாது என்று உடையவர் கையெழுத்துப் போட வேண்டுமாம். பேனாவை எடுத்தேன். என்னால் முடியவில்லை. ஜோவெத்திடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "அப்ப உங்க தங்கச்சிதான் முடிவு பண்ணணும் கிராணி. அவங்க கேட்டா நான் படகுல ஏத்தி அனுப்பித்தான் ஆகணும்" என்றாள்.

அனுப்பாதே என்று கேட்க எனக்கு வாய் இல்லை.

குளோத்தில்ட்

*

லா டீக் தீவு
1 ஜூன் 2017

பெயர்த்துவிட்டேன்.

மீன் கத்தியை விட்டு நெம்பினேன். அப்பா அடித்த செப்பு ஆணி ஒன்றுகூடத் துருப்பிடிக்கவில்லை. நாலு மணி நேரம் ஆயிற்று. கீழே ஒரு வெட்டு. ஒன்றே ஒன்று. எல்லாவற்றையும் எண்ணுகிற நான், ஓட்டை எடுத்த அன்று இதை எண்ணிப் பார்க்கவில்லை. அதற்குள் கீல் அடைத்துத் தேய்த்து, மேலே கட்டை வைத்திருக்கிறார். மற்ற எந்த இடத்திலும் அவ்வளவு கீல் இல்லை.

அப்பாவுக்குத் தெரிந்திருக்கிறது. தொட்டி செய்யும்போதே பார்த்திருக்கிறார். உன்னிடம் சொன்னால் நீ உடைந்துபோவாய். என்னிடம் சொன்னால் நான் நீந்தியாவது மாப்பூவுக்கு வருவேன். அதனால் கட்டை வைத்து ஆணி அடித்துவிட்டார். செத்துப்போன மனுஷன்மேல் எனக்குப் புதிதாக ஒரு வழக்கு கிடைத்திருக்கிறது. போய்ச் சேர்ந்ததும் முதலில் அதைத்தான் கேட்பேன்.

ஏழு பிள்ளைகளை உன் ரோஸில் குளிப்பாட்டியிருக்கிறேன். குளிப்பாட்டிக்கொண்டே உன்னை வைதிருக்கிறேன். அந்த வசவெல்லாம் தப்பான விலாசத்துக்குப் போய்விட்டது என்று நினைக்காதே. ஐம்பத்து மூன்று வருடம் வாயை மூடிக்கொண்டு இருந்தாயே, அதற்கு வைத்துக்கொள்.

இப்போது கேட்டுக்கொள். என் ஆமை உயிரோடு இருக்கிறது. லா டீக் முழுக்கச் சொல்லிவிட்டேன். வீட்டுப் பின்னால் கல் அடுக்கி வேலி போட்டாயிற்று. துறையிலிருந்து வீடுவரை கொண்டுவர மாட்டுவண்டி சொல்லியாயிற்று. என் மாமியார் வீட்டு வாசல் வழியாகத்தான் வண்டி போகும். விழாவுக்கு வருகிறேன், கயிற்றோடு வருகிறேன். அவள் என்னோடு திரும்புவாள்.

எனக்கு யாரும் புத்தி சொல்ல வேண்டாம்.

எர்னெஸ்தா

*

மாப்பூ தீவு
25 ஜூன் 2017

எர்னெஸ்தா,

வா. அவள் உன்னுடையவள்.

பழக்கமில்லாதவர்கள் தப்பு செய்துவிடக்கூடாது என்பதற்காக எழுதுகிறேன். ஒன்பது மணிக்குள் நிழலுக்குப் போய்விட வேண்டும். வெயிலில் மாட்டிக்கொண்டால் ஓட்டுக்குள்ளேயே வெந்துபோவாள். உன் வேலிக்குள் பெரிய மரம் இருக்கிறதா? சேறு வேண்டும். தொட்டித் தண்ணீர் போதாது, படுத்துப் புரள வேண்டும். நுணாப் பழம் அழுகி நாறினால்தான் பிடிக்கும். நாற்றத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரி சண்டைக்கு வருவாள், நீ பார்த்துக்கொள்வாய். கழுத்துக்குக் கீழே சொறிந்தால் நாலு காலிலும் எழுந்து நிற்பாள். வெறும் விரல் போதாது, தேங்காய் மட்டையால் சொறிய வேண்டும்.

தினம் கிழக்குப் பாறையிலிருந்து சேற்றுக்குழிவரை நடப்பாள். போக அரை நாள், வர அரை நாள். ஐம்பது வருடமாக ஒரே வழி. அந்த நடையை உன் வேலிக்குள் எப்படி நடப்பாள் என்று தெரியவில்லை. வட்டமாக நடப்பாளோ என்னவோ.

இந்த மாதம் மூன்று இடத்தில் மண்ணைத் தோண்டிப் பார்த்தாள். வயதான காலத்தில் முட்டை வைக்க இடம் பார்க்கிறாளோ என்று ஜோவெத்துக்குச் சந்தேகம். அதனால் அவளைத் தூக்கும்போது கவிழ்க்காதீர்கள்.

வேறொன்றும் இல்லை.

குளோத்தில்ட்

*

லா டீக் தீவு
4 செப்டம்பர் 2017

அக்கா,

இந்த வார்த்தையை எழுதிப் பார்த்தேன். கை உடைந்துவிடவில்லை.

விழாவன்று காலை நான் எங்கே போனேன் என்று நீ கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருக்க மாட்டேன். இப்போது சொல்கிறேன். நீ ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தபோது கயிற்றை எடுத்துக்கொண்டு கிழக்குப் பாறைக்குப் போனேன். அவள் அங்கே இருந்தாள். அம்மாடி, என்ன உடம்பு! அன்று தொழுவத்தில் பார்த்த அளவில் மூன்று மடங்கு. குனிந்து வால் பக்கம் தடவினேன். இரண்டு வெட்டு. "ஸொலி" என்று கூப்பிட்டேன். தின்பதை நிறுத்தவில்லை. நம் வீட்டுப் புத்தி அப்படியே இருக்கிறது.

கயிறு போடலாம் என்று நிற்கிறேன், அவள் நடக்க ஆரம்பித்தாள். சரி, எவ்வளவு தூரம்தான் போகிறாள் பார்ப்போம் என்று பின்னாலேயே போனேன். இரண்டு பக்கமும் நுணா மரம். எண்ணினேன். உனக்குத் தெரியும், நான் எண்ணுகிறவள். இருநூற்றுப் பதினாலு. மேலே வெள்ளைப் பறவைகள் கிளைக்குக் கிளை முட்டையோடு உட்கார்ந்திருக்கின்றன. ஒன்று என் தலையில் எச்சமிட்டது. கீழே வளைக்குள்ளிருந்து இன்னொரு பறவை முறைக்கிறது. அவள் எதையும் பார்க்காமல் நாற்றம் பிடித்த ஒரு பழத்தைக் கடித்துக்கொண்டு போகிறாள். ஒரு கவர்னர் மனைவிகூட அப்படி நடந்து நான் பார்த்ததில்லை.

நூற்றுப்பத்துப் பேருக்கு ஒரு வேளைச் சாப்பாடாகப் போயிருக்க வேண்டியவள். ஒரு தீவுக்கே சோறு போட்டுக்கொண்டிருக்கிறாள். என் பூசணித்தோல் தின்று வளர்ந்தவள்! இவளைக் கொண்டுபோய் என் வேலிக்குள் வட்டமாக நடக்க விட்டால், லா டீக்கில் எவளும் என்னைப் பார்த்துப் பொறாமைப்பட மாட்டாள். பைத்தியக்காரி என்பாள்.

அதனால்தான் ஜோவெத்தின் காகிதத்தில் கையெழுத்துப் போட்டேன். நீ எழுதிய கடிதத்துக்காக இல்லை. நீ வட்டமாக நடப்பாள் என்று எழுதியது எனக்குப் புரியாமல் இல்லை, கெட்டிக்காரி.

அந்தப் பெரிய அதிகாரி, "இது யாரோட ஆமை?" என்று கேட்டபோது எல்லாரும் உன்னைப் பார்த்தார்கள். நீ மைக்கைப் பிடுங்கி, "என் தங்கச்சியோடது. நான் திருடிட்டு வந்தது" என்றாயே, அதுவரை நான் அழவில்லை. பிறகும் அழவில்லை, தூசி விழுந்தது. பலகையில் ரோஸ் என்று எழுதியிருந்தார்கள். மாற்ற ஒரு மாதம் ஆகும் என்றார்கள். எனக்கு ஒரு மாதம் பொறுமை இல்லை. அப்பாவின் சின்ன ரம்பத்தை நான் எதற்குக் கொண்டுவந்தேன் என்று நினைத்தாய்? பலகையின் அடியில் இரண்டு வெட்டுப் போடும்போது அந்த அதிகாரியின் முகத்தைப் பார்த்தாயா?

ரோஸின் ஓட்டை உன்னிடமே விட்டு வந்தேன். அது உன்னுடையது. உனக்குக் குளிப்பாட்டப் பிள்ளை இல்லையென்றால் கன்றுகளுக்குத் தண்ணீர் வைத்துக்கொள்.

ஒன்று மட்டும் தெளிவாக இருக்கட்டும். ஸொலியைத் தீவுக்குத்தான் கொடுத்தேன். உனக்குக் கொடுக்கவில்லை. உன்னை மன்னிக்கவும் இல்லை, பேசத்தான் ஆரம்பித்திருக்கிறேன். ஒவ்வொரு படகிலும் அவள் என்ன தின்றாள், எங்கே நடந்தாள் என்று எனக்கு எழுதி அனுப்ப வேண்டும். ஒரு படகு தவறினாலும் கயிறு என்னிடம்தான் இருக்கிறது.

எர்னெஸ்தா

*

மாப்பூ தீவு
22 அக்டோபர் 2017

தங்கச்சி,

உத்தரவுப்படி எழுதுகிறேன். இந்தப் பதினைந்து நாளில் ஸொலி தின்றது: புல், தினமும். நுணாப் பழம், நான் பார்த்து அறுபத்தெட்டு. ஜோவெத்தின் ஆள் காயப்போட்ட சிவப்புச் சட்டையின் ஒரு கை. செத்த நண்டு ஒன்று. நடந்தது: பழைய வழி. இரண்டு நாள் மழையில் நடக்கவில்லை.

உன் பெயரைப் பலகையில் எழுதிவிட்டார்கள். "ஸொலி. லா டீக் எர்னெஸ்தா இந்தத் தீவுக்குக் கொடுத்தது." உன் இரண்டு வெட்டையும் அப்படியே விட்டுவிட்டார்கள். வருகிறவர்கள் அதில் விரல் விட்டுப் பார்க்கிறார்கள். ரோஸின் ஓட்டில் இப்போது நாற்பது கன்று நிற்கிறது. ஒன்றுகூட வாடவில்லை.

இதையெல்லாம் முதலில் எழுதிவிட்டேன், ஏனென்றால் அடுத்ததை எழுதினால் மற்றதை நீ படிக்க மாட்டாய். வியாழக்கிழமை மழை விட்டதும் சேற்றுக்குழிக்குப் பக்கத்தில், ஸொலி தோண்டிய இடத்தில் மண் பிளந்திருந்தது. ஒன்று வெளியே வந்திருந்தது. உன் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். ஜோவெத் மண்டியிட்டுப் பார்த்துவிட்டு, "கிராணி, இந்தத் தீவுல பொறந்த முதல் குட்டி" என்று சொல்லிவிட்டு அழுதாள். அவளுக்கும் தூசி விழுந்திருக்கும்.

அதன் ஓட்டில் வெட்டு எதுவும் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இது எந்தக் கல்யாணத்துக்கும் போகிற குட்டி இல்லை. யாருடையது என்று யாராவது கேட்டால், எர்னெஸ்தாவின் பேத்தி என்று சொல்கிறேன். சரிதானே?

உன் அக்கா

*

லா டீக் தீவு
3 நவம்பர் 2017

அக்கா,

சரி.

நேற்று கல்லறைத் திருநாள். எல்லாரையும்போல நானும் பூவும் மெழுகுவர்த்தியும் எடுத்துக்கொண்டு போனேன். அம்மா, அப்பா, என் வீட்டுக்காரர், எல்லாருக்கும் வைத்தேன். அப்பாவுக்கு மட்டும் ஒரு மெழுகுவர்த்தி குறைத்துத்தான் வைத்தேன், அவருக்குக் காரணம் தெரியும். மாமியார் கல்லறைக்கு நான் எப்போதும் நின்றபடி பூவைப் போட்டுவிட்டு வந்துவிடுவேன். நேற்று உட்கார்ந்தேன். உன் கடிதத்தை எடுத்தேன். சுற்றிலும் ஊர் இருந்தது, அவள் என்னைச் சொன்னபோதும் ஊர் இருந்ததே, அதனால் சத்தமாகவே சொன்னேன்.

"அத்தை, ஆமை வந்துடுச்சு. கொஞ்சம் லேட்டு. வர்ற வழியில ஒரு காடு போட்டுட்டு வந்துச்சு."

எர்னெஸ்தா